நல்ல வெயில் என்று எழுதியிருந்தாய்

சபேட்டோ
6 செப்டம்பர் 1937

அன்புத் தம்பி ஷம்சுவுக்கு அக்கா ஹமீதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் பர்வீனும் சின்னவள் ஆயிஷாவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகமாக இருக்கிறோம். சுவாவின் ஈரத்தில் உனக்கு வந்த இருமல் விட்டதா? ராத்திரியில் மார்பை மூடிக்கொண்டு படு.

நிற்க. கரும்பு வெட்டும் மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கில் புழுதிதான் பறக்கும், உனக்கே தெரியும். இந்த வருஷம் குளிர் விட்டதிலிருந்து வானம் புத்தி கெட்டுப்போய்விட்டது. ஒரு நாள் முதுகு தீய்கிற வெயில். மறுநாள் மலையே கண்ணுக்குத் தெரியாமல் கொட்டுகிறது.

போன வாரம் மாட்டைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மலையில் ஏறினேன். வீட்டுக்கு நேர் மேலே நிலம் குறுக்கே பிளந்து கிடக்கிறது. கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. உன் மச்சானைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பார்த்துவிட்டுக் கல்லையும் மண்ணையும் போட்டு அடைத்துவிட்டு வந்தார். "வெயில்ல வெடிச்ச நிலம், மழையில சேர்ந்துடும்" என்றார்.

மேட்டுக் கோரோ கிராமத்திலிருந்து இலைத்தியா வந்தார். இந்தத் தீவின் பூர்வகுடிகளான காய்விட்டி மக்களின் அந்த ஊருக்குப் பெரியவர் அவர்தான். அவரும் பிளவைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, பிள்ளைகளோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். உன் மச்சான் தேநீர் கொடுத்து, சிரித்து, அனுப்பிவிட்டார். அக்டோபரில்தான் எங்கள் வயலுக்குக் கரும்பு வெட்டும் கேங் வருகிறது. வெட்டு முடியாமல் எங்கும் நகரமாட்டேன் என்கிறார்.

நீ வேலை செய்யும் துறைமுக ஆபீஸ் வாசலில் தினமும் வானிலைக் காகிதம் ஒட்டுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தாயே, அதில் எங்கள் மேற்குப் பக்கத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்யும்
அக்கா ஹமீதா


சுவா
13 செப்டம்பர் 1937

மதிப்பிற்குரிய அக்காவுக்கு ஷம்சு ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். இருமல் குறைந்துவிட்டது. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

காகிதம் இங்கிலீஷில் இருக்கும். எங்கள் ஆபீஸ் குமாஸ்தா செசில் நம் தமிழ்ப் பிள்ளைதான், மெத்தடிஸ்ட் சபைக்காரர். அவர்தான் படித்துச் சொன்னார். மேற்குக் கரைக்கும் மலைப் பள்ளத்தாக்குகளுக்கும் 'அன்செட்டில்ட்' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "நிலைகொள்ளாத வானம். வெயிலும் வரலாம், மழையும் வரலாம்" என்றார். அதைச் சொல்ல ஒரு ஆபீஸ் எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கப்பல்கள் கம்பியில்லாத் தந்தியில் சொல்வதையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்களாம். வசந்த காலத்தில் கணக்கு அடிக்கடி தப்புமாம்.

அக்கா, பிளவை அடைத்தால் மலை ஒட்டிக்கொள்ளாது. இலைத்தியா கூப்பிட்டால் போங்கள். மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன் துஆவை வேண்டும் தம்பி
ஷம்சு


சபேட்டோ
21 செப்டம்பர் 1937

தம்பி ஷம்சுவுக்கு அக்காவின் ஸலாம். உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. ஆயிஷாவுக்கு மட்டும் லேசான சளி. உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் கீழே விரேந்திரா கடைக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் அவர் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மலையாளத்து வாப்பாவுக்குப் பிறந்து, கூலி லைனில் இந்துஸ்தானி பேசி வளர்ந்தவர். அத்தா நம் இரண்டு பேரையும் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த மாதிரி அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேட்டுவிட்டு, "வரலாம், வராமலும் இருக்கலாமா? இது எங்க மாட்டுக்கும் தெரியுமே" என்றார். "உன் தம்பி நிச்சயமா சொல்லட்டும், கேட்கிறேன்" என்றார்.

இந்த வாரம் மூன்று மழை. பிளவில் போட்ட கல் எல்லாம் உள்ளே போய்விட்டது. இப்போது முழங்கை வரை போகிறது. பின்வாசல் கதவு சட்டத்தில் சிக்கிக்கொள்கிறது, வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதோ என்னவோ. அதையும் காட்டினேன். மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்று இழைப்புளி எடுத்துக் கதவைச் சீவிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை தம்பி. இந்த நிலத்தைக் காடாக இருந்தபோது வாங்கி வேர் பிடுங்கினவர். இதை விட்டுப் போ என்றால் அவருக்குக் காது அடைத்துக்கொள்கிறது. பிள்ளைகளை மட்டும் அனுப்புகிறேன் என்றேன். "காய்விட்டி ஊர்ல என் பிள்ளைங்க எதுக்கு ஒண்டணும், நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

ஷம்சு, நிச்சயமாக ஒரு வார்த்தை எழுது. மழை என்று எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

துஆவுடன்
ஹமீதா


சுவா
29 செப்டம்பர் 1937

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். ஆயிஷாவின் சளிக்குத் துளசிச் சாறு கொடு. நான் நலம்.

உனக்கு நல்ல செய்தி. இன்று காலை ஒட்டிய காகிதத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் நல்ல வெயில், காய்ந்த தென்கிழக்குக் காற்று, வரும் நாட்களிலும் அப்படியே இருக்கும் என்று போட்டிருக்கிறது. செசிலை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மழை என்று எழுதச் சொன்னாய். எப்படி அக்கா எழுதுவேன்? உள்ளதைத்தானே எழுத முடியும்.

மச்சானிடம் சொல், வெட்டுக்கு வானம் ஒத்துழைக்கும். ஆனாலும் பிளவை நினைத்தால் எனக்கு நெஞ்சு சரியாக இல்லை. வெயில் இருக்கும்போதே மேலே குடிபோய், பகலில் மட்டும் வயலுக்கு இறங்கி வரலாமே. கேட்டுப் பார்.

என்றும் உன்
ஷம்சு


மேட்டுக் கோரோ, சபேட்டோ
6 அக்டோபர் 1937

தம்பிக்கு ஸலாம். எல்லோரும் சுகம்.

உன் கடிதம் வந்தது. நாங்கள் மேலே வந்துவிட்டோம். உன் மச்சானே மூட்டை கட்டினார், ஆயிஷாவைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார். இலைத்தியாவின் மனைவி பாய் விரித்து, மரவள்ளி அவித்து வைத்திருந்தாள். நாங்கள் ஹலால் பார்ப்பவர்கள் என்று தெரிந்து, கோழியை உன் மச்சான் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொன்னார்கள்.

இங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தகரக்கூரை தீப்பெட்டி அளவு தெரிகிறது. நேற்று நான் பயமில்லாமல் தூங்கினேன்.

இனிமேல் கடிதத்தை எனக்கே எழுது. கடைக்கு வருபவர்கள் யாரிடமும் வாய்ச் செய்தி சொல்லி அனுப்பாதே.

ஹமீதா


சுவா
13 அக்டோபர் 1937

அன்பு அக்காவுக்கு ஷம்சுவின் ஸலாம். நீங்கள் மேலே போனதைப் படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செசிலிடம் சொன்னேன். அவரும் அவர் மனைவி மேவிஸ் அக்காவும் தங்கள் ஜெபத்தில் உங்களை நினைத்தார்களாம்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. நிச்சயமாகச் சொன்னால் கேட்பேன் என்றவர் மச்சான். நான் வெயில் என்று எழுதினேன். வெயில் என்று கேட்டுவிட்டு எப்படி மூட்டை கட்டினார்? நீ அழுதாயா? வாய்ச் செய்தி வேண்டாம் என்று ஏன் எழுதியிருக்கிறாய்? வீட்டில் ஏதாவது சண்டையா?

காகிதத்தில் இன்னும் வெயில்தான். மாறினால் கடிதத்தை நம்பியிருக்கமாட்டேன், தந்தி அடிப்பேன்.

உன் சுகத்தையே நாடும்
ஷம்சு


மேட்டுக் கோரோ, சபேட்டோ
19 அக்டோபர் 1937

தம்பிக்கு அக்காவின் ஸலாம். பிள்ளைகள் சுகம். நானும் இருக்கிறேன்.

இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. மாமரத்தில் பிஞ்சு காய்ந்து உதிர்கிறது. கேங் வந்து வெட்டு தொடங்கிவிட்டது. உன் மச்சான் தினமும் கீழே இறங்கிப் போய் வந்துகொண்டிருந்தார். முந்தாநாளிலிருந்து வருவதில்லை. வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார். பாதி நாள் ஏறி இறங்குவதில் போகிறதாம். எங்களையும் வரச் சொன்னார். பர்வீனின் காலில் முள் ஏறியிருக்கிறது, ஆறட்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் நிறுத்த முடியும்?

அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார். ஏன் என்று கேட்காதே. எல்லாம் சரியாகிவிடும்.

வானம் மாறினால் உடனே தந்தி அடி. தாமதிக்காதே.

ஹமீதா


தந்தி
விரேந்திரா கடை, சபேட்டோ, வழி நந்தி
26 அக்டோபர் 1937

மேற்கில் கடும் மழை காற்று நிச்சயம். மச்சானை உடனே மேலே அழை. தயவுசெய்து. ஷம்சு


மேட்டுக் கோரோ, சபேட்டோ
10 நவம்பர் 1937

தம்பிக்கு.

நீ இரண்டு தந்தி அடித்தாயாம், பஸ் டிரைவரிடம் ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினாயாம். பாலம் போய்விட்டதால் எல்லாம் நேற்றுத்தான் ஒன்றாக வந்து சேர்ந்தன. பிள்ளைகள் பத்திரம். நான் பத்திரம். மாடும் பிழைத்துவிட்டது, ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்ததாம். கோரோவில் இரண்டு வீட்டுக் கூரை பறந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. விரேந்திரா கடையில் தண்ணீர் புகுந்து மாவு மூட்டையெல்லாம் போயிற்று. தண்டவாளம் வளைந்து கிடக்கிறது, கரும்பு மில் ரயில் இந்த வருஷம் எங்கள் பக்கம் வராது என்கிறார்கள்.

வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருக்கிறது. கிணறு எங்கே இருந்தது என்று கூடச் சொல்ல முடியவில்லை.

கோரோ ஆண்கள் எல்லோரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மழை நிற்காமலே தோண்டினார்கள். இரண்டாம் நாள் இலைத்தியா மேலே வந்தார், வாசலில் உட்கார்ந்தார், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லௌதோக்காவிலிருந்து ஜமாத்தார் வர வழியில்லை. கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து அப்துல் ரஷீத் பாய் ஆற்றை நீந்தி வந்து குளிப்பாட்டித் தொழுகை நடத்தினார். மேட்டிலேயே அடக்கம் செய்ய இலைத்தியா இடம் கொடுத்தார்.

உன் மச்சானுக்காகத் துஆ செய்.

ஹமீதா


சுவா
17 நவம்பர் 1937

அக்கா,

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். உன் கடிதத்தில் மாட்டைப் பற்றிப் படித்தேன், மாவு மூட்டையைப் பற்றிப் படித்தேன், மச்சான் பெயர் எங்கே என்று தேடிக்கொண்டே வந்தேன்.

எனக்குத் தூக்கமில்லை. அன்று காலையிலேயே காகிதம் ஒட்டிவிட்டார்கள். செசில் படித்துவிட்டு என்னைத் தேடியிருக்கிறார். நான் தபால் கட்டு எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, தந்தி ஆபீஸுக்கு ஓடி, வரிசையில் நின்று அடிப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. போகும்போதே காகிதம் ஒட்டும் அந்தப் பலகையைத் தலை தூக்கிப் பார்த்து, செசிலைக் கேட்டிருந்தால் போதும். அதன் கீழேதான் நடந்து போனேன்.

தந்தி பிந்திவிட்டதா அக்கா? மச்சான் கைக்கு வரவே இல்லையா? வந்திருந்தால் ஏன் ஏறி வரவில்லை? நான் முன்பு எழுதிய வெயில் பொய்க்கவில்லையே. சொன்னபடிதானே காய்ந்தது. அப்படியிருக்க இதை ஏன் நம்பாமல் போனார்? என்மேல் அவருக்கு என்ன கோபம்? நான் நாள் முழுவதும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தந்தி பிந்தியது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. செசில் தினமும் வந்து சோறு வைத்துவிட்டுப் போகிறார். தொண்டையில் இறங்கவில்லை. என்னால்தான் போனார் என்றால் சொல்லிவிடு. தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

ஷம்சு


மேட்டுக் கோரோ, சபேட்டோ
27 நவம்பர் 1937

என் தம்பி ஷம்சுவுக்கு அக்கா ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்து நாட்களாகிவிட்டன. பேனா எடுப்பேன், வைத்துவிடுவேன். நீ நினைப்பதே இருக்கட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நீ சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

உன் தந்தி பிந்தவில்லை. முதல் தந்தி மழைக்கு முன்பே நேரத்தோடு வந்தது; எல்லாம் பிந்தி வந்தன என்று போன கடிதத்தில் நான் எழுதியது உண்மையில்லை. உன்னால் ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் நீ நல்ல வெயில் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து கரும்புக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "படி, உன் தம்பி என்ன சொல்றான் பார்ப்போம்" என்றார். நான் பிரித்தேன். முதலில் கண்ணால் பார்த்துவிட்டேன். பிறகு வாய்விட்டுப் படித்தேன். பெரிய மழை வருகிறது, இந்த வாரமே வருகிறது, மலையடியில் இருப்பவர்கள் உடனே கிளம்ப வேண்டும் என்று சர்க்கார் சொல்கிறது. இப்படிப் படித்தேன். நீ எழுதாத வார்த்தைகள். நடுவில் மச்சானுக்கு ஸலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நிச்சயமா சொல்றானா?" என்றார். "நிச்சயமா" என்றேன். கொடுத்த வாக்குப்படி எழுந்தார்.

அப்புறம் மழை வரவில்லை. ஒவ்வொரு நாளும் வெயில் ஏற ஏற, ஒரு மேகமாவது வருகிறதா என்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேங் ஆட்கள் அவரைக் கேலி செய்தார்கள், மச்சினன் சொல் கேட்டு வீட்டைவிட்டு ஓடினவன் என்று. அவர் கோபமெல்லாம் உன்மேல் திரும்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. கோபம்தானே, வெட்டு முடிந்தால் ஆறிவிடும், பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள், அது போதும் என்று இருந்தேன்.

தந்தி வந்த அன்று விரேந்திரா பாய் கடையில் அதைப் படித்து அர்த்தம் சொன்னார். அங்கிருந்து வயலுக்கு ஓடினேன். மலை உச்சியில் கறுத்திருந்தது, பள்ளத்தாக்கில் இன்னும் வெயில் அடித்தது. கேங் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் வெட்டிப் போட்ட கரும்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தந்தி வந்திருக்குங்க. பெரிய மழையாம், காத்தாம். வாங்க போயிடலாம்" என்றேன்.

"யார் அடிச்சது?"

"ஷம்சு."

சிரித்தார். "போன தடவையும் அவன்தானே சொன்னான். அந்த மழைதான் இன்னும் வந்துகிட்டே இருக்கு. போ, பிள்ளைங்க தனியா இருக்கு. இதை ஏத்திட்டு சாயந்திரம் வர்றேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். போன தடவை சொன்னது ஷம்சு இல்லை, நான்தான். ஷம்சு பொய் சொல்கிறவன் இல்லை. இதை நம்புங்கள் என்று அங்கேயே அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும். வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. இதைச் சொன்னால் இனி ஜென்மத்துக்கும் என்னை நம்பமாட்டாரே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. சாயந்திரம் வருகிறேன் என்கிறாரே, வந்துவிடுவார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு மேலே ஏறினேன்.

மழை தொடங்கியபோது வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறார். வெறித்து விடட்டும், ஏறலாம் என்று இருந்திருப்பார். இருட்டுவதற்கு முன்பே மலை இறங்கிவிட்டது. சத்தம் இங்கே கேட்டது. பர்வீன், "அது என்னம்மா?" என்றாள். இடி என்றேன்.

இலைத்தியாவும் ஊர்க்காரர்களும் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றினவள் என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், துக்கம் என்று நினைக்கிறார்கள்.

நீ சாப்பிடு. வேலைக்குப் போ. என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல், எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம்.

ஹமீதா


சுவா
8 டிசம்பர் 1937

அக்காவுக்கு ஷம்சு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பர்வீனும் ஆயிஷாவும் சுகமா? உன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

உன் கடிதத்தைப் படித்த அன்று உனக்கு ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. அதில் இருந்தது உனக்கு வேண்டாம். என் பெயரில் நீ பொய் சொன்னதும், என்மேல் கோபத்தோடு மச்சான் போனதும் எனக்கு இன்னும் வலிக்கிறது. என்னைத் தன் தம்பி மாதிரி வைத்திருந்தவர். அந்த வலி இல்லை என்று எழுதினால் நானும் உனக்கு இல்லாததைப் படித்துக் காட்டினவன் ஆவேன்.

ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். நான் எழுதியதை நீ உள்ளபடியே படித்திருந்தால், அன்று சாயந்திரம் அந்த வீட்டில் நான்கு பேர் இருந்திருப்பீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். ஒன்று மற்றொன்றை ஜெயிக்கமாட்டேன் என்கிறது. செசிலிடமும் சொல்லவில்லை. மலை சரிந்து மச்சான் மௌத்தானார் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதுவும் உண்மைதானே.

திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்குப் போகிறேன். சோறு இறங்குகிறது.

ரஷீத் பாய் எழுதியிருந்தார், ஆற்றுப் பக்கத்துக் கரும்பு மண் மூடாமல் நிற்கிறதாம். மாட்டு வண்டியில் பெரிய ரோடு வரை கொண்டுவந்தால் மில் லாரி எடுத்துக்கொள்ளுமாம். ஆபீஸில் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். வரும் வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மச்சான் இடத்தில் நின்று வெட்டுகிறேன். எனக்குக் கத்தி பிடித்துப் பழக்கமில்லை, இலைத்தியாவிடம் சொல்லி வை.

வந்து உன் முகத்தைப் பார்த்ததும் என்னால் பேச முடியுமா என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வேலை முடிகிற வரை இருப்பேன்.

தம்பி
ஷம்சு